மிச்சம் எவ்வளவு? மொட்டைமாடியும் மின்கட்டணச் சீட்டும்

பங்குனி பிறந்துவிட்டால் சென்னையில் மேல்மாடிக் குடியிருப்போரின் கவலை கூரையைப் பற்றியதாகிவிடுகிறது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் மொட்டைமாடிகளில் சுண்ணாம்பு வாளியும் நீண்ட தூரிகையும் ஏறுகின்றன. தியாகராய நகரில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை விற்போர் வீடு தேடி வருகின்றனர். அடையாற்றின் அடுக்ககங்களில் குடியிருப்போர் சங்கம் கூடி, வெள்ளைத் தட்டோடு பதிப்பதா, பழைய சுருக்கித் தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்று வாதிடுகிறது. இவை அனைத்தின் முடிவிலும் ஒரே கேள்விதான் எழுகிறது: ‘இதனால் மின்கட்டணம் குறையுமா? எவ்வளவு குறையும்?’

குடும்பத் தலைவரும் தலைவியும் கேட்க வேண்டிய கேள்விதான் இது. பிள்ளைகளின் படிப்புக்கென்று எடுத்து வைத்த பணத்திலிருந்து பத்தாயிரமோ முப்பதாயிரமோ கூரைக்குச் செலவிட வேண்டுமாயின், அது திரும்பி வருமா என்று பார்ப்பது கஞ்சத்தனமன்று, பொறுப்பாகும். ஆனால் இக்கேள்விக்கு நாம் விடை காணும் முறைதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. வேலை முடிந்தபின் வரும் முதல் கட்டணச் சீட்டைக் கையிலெடுத்து, ‘போன தடவையைவிடக் குறைந்துவிட்டது’ என்று மகிழ்கிறோம். அல்லது ‘ஏறிவிட்டதே, ஏமாந்துவிட்டோம்’ என்று நோகிறோம். இரண்டும் அவசர முடிவுகளே.

மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். செலவாகாமல் நின்றுபோன மின்சாரத்தை எந்த மீட்டரும் காட்டாது. ‘வேலை செய்யாமல் விட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்?’ என்று முதலில் கணக்கிட்டு, அதிலிருந்து உண்மைச் செலவைக் கழித்தால்தான் மிச்சம் புலப்படும். அக்கணக்கு பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தலுக்கு மேற்பட்டதன்று. அதையே இம்மாதம் நம் குடும்பங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம்.

கூரையின் மேல் விழும் வெயில்

முதலில் வெப்பம் வீட்டுக்குள் வரும் வழியை அறிவோம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் மாதம் நான்காம் வாரத்திலும், மீண்டும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அப்போது சுவர்களைவிடக் கூரையே வெயிலை அதிகமாக ஏற்கிறது. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் விழும் வெயிலின் வலிமை ஏறத்தாழ 1000 வாட்; அதாவது ஓர் இஸ்திரிப்பெட்டியின் சூடு. பத்தடிக்குப் பத்தடி அறையொன்றின் கூரைமேல் ஒன்பது இஸ்திரிப்பெட்டிகளை வைத்தாற்போல் என்று கொள்ளலாம்.

நாள்பட்டுக் கறுத்த காங்கிரீட் தளம் இதில் நான்கில் ஒரு பங்கைத்தான் திருப்பியனுப்புகிறது, மீதியை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய வெப்பம் உடனே உள்ளே இறங்குவதில்லை. தளத்தின் தடிப்பில் ஊறி, சில மணி நேரம் கழித்தே அடிப்பக்கம் வந்து சேர்கிறது. ஆகையினால்தான் மாலையில் கடற்காற்று வீசி வெளியே இதமான பின்னரும், மேல்மாடி அறையில் இரவு பத்து மணிக்குக் கூரை அனலைக் கக்குகிறது. மின்விசிறி காற்றைக் குளிர்விக்கும் கருவியன்று. நம் மேனியின் வியர்வையை உலர்த்துவது மட்டுமே அதன் வேலை. சூடேறிய காற்றையே அது சுழற்றித் தருகிறது.

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெயிலைத் திருப்பியனுப்புவது. புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் 70 முதல் 80 விழுக்காடு வரை திருப்பியனுப்ப வல்லது. சுண்ணாம்பில் பெவிகால் கலந்து பூசும் எளிய முறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. மற்றொன்று, உள்ளே இறங்கும் வெப்பத்தை வழியில் மறிப்பது. சுருக்கித் தளம், வெற்றிடமுள்ள ஓடுகள், தெர்மோகோல் போன்ற பலகைகள் இவ்வேலையைச் செய்கின்றன. ஓரங்குலத் தெர்மோகோல் மறிக்கும் வெப்பத்தைக் காங்கிரீட்டால் மறிக்க வேண்டுமாயின் மூன்றரை அடிக்கு மேல் தடிப்பு வேண்டியிருக்கும் என்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று நம் ஊரின் பெயராலேயே வழங்கிய பழைய கூரையில், தேக்குக் கட்டைகளை வரிசையாகக் கிடத்தி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்காக நிறுத்தி அடுக்கினார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை நாட்கணக்கில் தட்டி இறுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதித்தார்கள். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரையும் இத்தளமும் முற்றமும் சேர்ந்து வெயிலை மட்டுப்படுத்தின. பின்னர் வந்த காங்கிரீட் வீடுகளில் தளம் மெலிந்தது, கூரை தாழ்ந்தது, பல வீடுகளில் சுருக்கியும் கைவிடப்பட்டது. இன்று நாம் பணம் கொடுத்துச் சேர்ப்பது, பெரும்பாலும், அன்று நாம் விட்டுவிட்டதையேயாகும்.

குளிர்நாட்டார் கற்ற பாடம்

சேமிப்பை அளக்கும் கலையை முதலில் வளர்த்தவர்கள் குளிர்நாட்டினர். அவர்களுக்கு வீட்டைச் சூடாக்குவதே பெருஞ்செலவு. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து விலை பன்மடங்கு ஏறியபோது, சுவரிலும் பரணிலும் வெப்பத் தடுப்புப் பொருள்களை நிரப்புவதும் கதவு சன்னல் இடுக்குகளை அடைப்பதும் அங்கே நாட்டுப்பணியாயின. அமெரிக்க அரசு 1976இல் ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு இப்பணியை இலவசமாகச் செய்து தரும் திட்டத்தைச் சட்டமாக்கியது.

அதே ஆண்டுகளில் நியூஜெர்சி மாநிலத்து ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆய்வு நடத்தினர. ஒரே வரைபடத்தில், ஒரே பொருள்களால், வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள் அவை. ஆயினும் ஒரு வீட்டின் எரிவாயுச் செலவு மற்றொரு வீட்டுச் செலவைப் போல் இரு மடங்குக்கு மேலாகவும் இருந்தது. வீடுகள் ஒன்றாக இருந்தபோதும் குடியிருந்தோரின் பழக்கங்கள் வேறாக இருந்ததே இதற்குப் பெருங்காரணம். எனவே, ‘எதிர்வீட்டார் பூசினார்கள், அவர்களுக்குப் பாதி குறைந்தது’ என்பது நம் வீட்டுக்குச் சாட்சியாகாது. நம் வீட்டுக்கு நம் வீட்டின் பழைய கணக்கே சாட்சி.

அதே பல்கலைக்கழகத்தார், மார்கரெட் ஃபெல்ஸ் அம்மையார் முன்னின்று வளர்த்த முறையொன்றை 1980களில் பரப்பினர். கட்டணச் சீட்டின் எண்ணிக்கையை வானிலைக் கணக்கோடு சேர்த்துப் படிப்பதே அம்முறை. ஒரு பனிக்காலம் கடுமையாகவும் அடுத்தது மென்மையாகவும் இருந்தால், வேலை ஒன்றும் செய்யாமலே செலவு குறையும். அக்குறைவைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் வேலையின் பயன் தெரியும்.

இவ்வாறு உண்மையாக அளந்தபோது சில கசப்பான செய்திகளும் வெளிவந்தன. மிச்சிகன் மாநிலத்தில் 30,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, அரசின் இலவசத் திட்டத்தால் எரிபொருட் செலவு குறைந்தது உண்மைதான் என்று கண்டது. ஆனால் வேலைக்கு முன் பொறியியற் கணக்கு வாக்களித்த சேமிப்பு, உண்மையிற் கிடைத்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. செய்த செலவோ, கிடைத்த எரிபொருட் சேமிப்பின் மதிப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. தேர்ந்த பொறியாளரின் கணக்கே இவ்வாறு தவறுமாயின், வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளரின் ‘பாதிக்குப் பாதி’ என்னும் வாக்கை எவ்வளவு நிதானத்தோடு ஏற்க வேண்டும் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நமக்கு அருகில் கிடைத்த அளவு

குளிர்நாட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டிலும் அளந்திருக்கிறார்கள். ஐதராபாத்தில் குளிர்சாதனம் பொருத்திய அலுவலகக் கட்டடங்களின் கூரையை வெள்ளையாக்கி, முன்னும் பின்னும் மீட்டர் வைத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த பணி அது. பூச்சில்லாத காங்கிரீட் கூரையை வெள்ளையாக்கியதால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஆண்டொன்றுக்கு 13 முதல் 14 யூனிட் வரை மிச்சமாயிற்று. குளிர்விக்கும் செலவில் இது 10 முதல் 19 விழுக்காடு. முன்பு கறுப்பாக இருந்த கூரையில் மிச்சம் 20 முதல் 22 யூனிட்டாக இருந்தது.

இவ்வெண்ணை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஏ.சி. உள்ள படுக்கையறை ஒன்றின் பரப்பு 12 சதுர மீட்டர், அதாவது சுமார் 130 சதுர அடி என்று கொள்வோம். அலுவலகத்தைப் போல் அந்த அறையிலும் பகல் முழுதும் ஏ.சி. ஓடினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 160 யூனிட் மிச்சமாகலாம். இரவில் சில மணி நேரம் மட்டும் ஓட்டுகிற வீட்டில் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். மேலும் ஐதராபாத்தின் வறண்ட வெயில் வேறு. கடலருகே ஈரம் நிறைந்த நம் வெப்பம் வேறு. ஆகவே வெள்ளைப் பூச்சினால் பயனில்லை என்பதன்று நம் கருத்து. பயன் உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லையை அறிந்தவர் ஏமாறுவதில்லை.

வீட்டுக் கணக்கு போடும் முறை

இனி, நம் குடும்பங்கள் தாமே செய்யக்கூடிய கணக்கைச் சொல்கிறோம். பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றும், கடந்த இரண்டு ஆண்டுகளின் மின்கட்டணச் சீட்டுகளும் போதும்.

முதலாவது, ரூபாயைப் பாராமல் யூனிட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கட்டணம் படிப்படியாக உயரும் அடுக்கு முறையில் அமைந்தது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்குத் தாண்டிய பகுதிக்கு மட்டுமின்றி, கீழ் அடுக்கின் விகிதமும் மாறிவிட்டது. எனவே 510இலிருந்து 490க்கு இறங்கிய வீட்டில் இருபது யூனிட் குறைவுக்குப் பெரிய தொகை மிச்சமானதுபோல் தோன்றும். அரசு கட்டணத்தை உயர்த்திய ஆண்டிலோ, யூனிட் குறைந்தும் தொகை ஏறிவிடும். ரூபாய்க் கணக்கு கடைசியில் போட வேண்டியது. முதலில் போட வேண்டியதன்று.

இரண்டாவது, சித்திரையைச் சித்திரையோடு ஒப்பிடுங்கள். மே மாதச் சீட்டை ஆகஸ்டுச் சீட்டோடு ஒப்பிடுவது நெல்லையும் கேழ்வரகையும் ஒரே மரக்காலில் அளந்து விலை பேசுவது போன்றது. சென்ற ஆண்டின் அதே இரு மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வெயிலுக்குச் சம்பந்தமில்லாத செலவைப் பிரித்து வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. ஓடுவதில்லை. அப்போது வரும் யூனிட் குளிர்பதனப் பெட்டி, விளக்கு, தண்ணீர் மோட்டார், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கானது. அதை அடிப்படைச் செலவு என்று கொள்ளலாம். கோடையில் மின்விசிறி கூடுதலாகச் சுற்றும். ஆயினும் தோராயக் கணக்குக்கு இது போதும்.

நான்காவது, அந்தந்த ஆண்டின் வெப்பத்தைக் கணக்கில் சேருங்கள். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலைத் துறையினர் நாள்தோறும் அளக்கும் உயர்ந்த வெப்பமும் தாழ்ந்த வெப்பமும் செய்தித்தாள்களில் வெளியாகின்றன. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அன்றைய சராசரி. அதிலிருந்து 24ஐக் கழியுங்கள். எஞ்சியதை அந்த இரண்டு மாதங்களின் எல்லா நாள்களுக்கும் கூட்டுங்கள். வருகிற எண்ணே அக்கோடையின் ‘வெப்பச் சுமை’. 24 பாகை என்பது கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட எல்லை. முன்னும் பின்னும் அதே எல்லையை வைத்தால் போதுமானது.

எடுத்துக்காட்டாக ஒரு கற்பனைக் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நாம் வைத்தவை. தியாகராய நகரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அக்குடும்பத்துக்குக் கூரைவேலைக்கு முந்திய ஆண்டில் ஏப்ரல், மே இரு மாதங்களிலும் 760 யூனிட் ஆயிற்று. வேலைக்குப் பிந்திய ஆண்டில் அதே மாதங்களில் 640 யூனிட். ‘120 யூனிட் மிச்சம்!’ என்று வீட்டில் மகிழ்ச்சி.

பொறுங்கள். மார்கழிச் சீட்டின்படி அடிப்படைச் செலவு 280 யூனிட். எனவே குளிர்விக்கச் செலவானது முதல் ஆண்டில் 480. அடுத்த ஆண்டில் 360. முதல் ஆண்டின் வெப்பச் சுமை 480. அடுத்த ஆண்டு வெயில் சற்றுக் குறைவாகையால் 420 மட்டுமே. அதாவது முதல் ஆண்டில் ஓர் அளவு வெப்பச் சுமைக்கு ஒரு யூனிட் செலவாயிற்று. கூரைக்கு ஒன்றும் செய்யாதிருந்தாலும் இரண்டாம் ஆண்டில் 420 யூனிட்தான் ஆகியிருக்கும். உண்மையில் ஆனது 360. ஆகவே கூரையின் பயன் 60 யூனிட். மற்ற 60 யூனிட்டை மிச்சப்படுத்தியது வானமே.

இத்தோடும் கணக்கு முடியவில்லை. மூத்த மகன் கல்லூரி விடுதிக்குப் போனதால் ஓர் அறையின் ஏ.சி. ஓய்ந்திருந்ததா? பழைய ஏ.சி.யை மாற்றிப் புதியது வாங்கினார்களா? பேறுகாலத்துக்கு மகள் வந்திருந்தாளா? மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தார்களா? இவற்றையெல்லாம் நோட்டுப்புத்தகத்தில் அந்தந்தச் சீட்டுக்கு எதிரே எழுதி வையுங்கள். ஒரு கோடையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், முன் இரண்டு, பின் இரண்டு என்று நான்கு கோடைகளைப் பார்த்தால் கணக்கு உறுதிப்படும்.

கடைசியில் ரூபாய்க்கு வாருங்கள். கூரைக்கு 12,000 ரூபாய் செலவிட்டு ஆண்டுக்கு 1,500 ரூபாய் மிச்சமானால், முதல் திரும்ப எட்டு ஆண்டுகள். பூச்சு ஐந்தாண்டில் தேய்ந்துவிடுமாயின் மின்கட்டணத்தால் மட்டும் அச்செலவு ஈடாகாது. வெள்ளைப் பூச்சின் மேல் தூசியும் பாசியும் படிந்தால் அதன் திறமை ஓரிரு ஆண்டிலேயே குறையும். சுண்ணாம்போ ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துபோகும். ஆகவே கோடைக்கு முன் தளத்தைக் கழுவுவதும் கணக்கில் சேர்ந்த வேலையே.

சீட்டில் தோன்றாத மிச்சம்

இதுவரை ஏ.சி. உள்ள வீடுகளைப் பற்றிப் பேசினோம். நம் பங்குகளில் ஏ.சி. இல்லாத குடும்பங்கள் எத்தனை! சாந்தோம், பட்டினப்பாக்கம் கடலோரத்து வாரியக் குடியிருப்புகளின் மேல்மாடியிலும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் வாழ்பவர்களுக்கு ஒரு மின்விசிறியே துணை. அவர்களின் கூரையை வெள்ளையாக்கினால் மின்கட்டணம் குறையாது. மின்விசிறி முன்போலவே சுற்றும். கட்டணச் சீட்டு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், யாருக்குக் கூரைவேலை மிகவும் தேவையோ அவர்களுக்கே ‘பயனில்லை’ என்று எழுத நேரிடும். அது கணக்கின் குற்றமன்று. தவறான அளவுகோலைக் கொண்டு அளந்தவரின் குற்றம்.

அவ்வீடுகளில் அளக்க வேண்டியது யூனிட்டன்று, வெப்பம். விலை குறைந்த வெப்பமானிகள் இரண்டு போதும். ஒன்று மேல்மாடி அறையில். மற்றொன்று அதே கட்டடத்தில் கீழ்மாடி அண்டைவீட்டாரின் அறையில். வெயில் படாத உள்சுவரில், ஒரே உயரத்தில் தொங்கவிட்டு, வேலைக்கு முன் பத்து நாளும் பின் பத்து நாளும் இரவு ஒன்பது மணிக்குக் குறித்து வாருங்கள். முன்பு மேலே 35, கீழே 32 என்றால் வேறுபாடு 3. பின்பு மேலே 33, கீழே 31½ என்றால் வேறுபாடு 1½. மேல்மாடியில் இரண்டு பாகை குறைந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கீழேயும் அரைப் பாகை குறைந்திருக்கிறதே! கூரையின் பயன் ஒன்றரைப் பாகை. கீழ்வீடு இங்கே நமக்கு வானத்தின் பங்கைச் சொல்லித் தருகிறது. ஏ.சி. உள்ளவர்களும் கீழ்வீட்டாரின் யூனிட் கணக்கை இவ்வாறே துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றரைப் பாகை சிறிதென்று எண்ணற்க. உறங்க முடியாமல் புரண்ட பாட்டியார் இரவில் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கண்ணயர்ந்தால், அது எந்தச் சீட்டிலும் வராத வருமானம். 2003 மே மாதத்தில் சென்னையில் வெப்பம் 45 பாகையைத் தொட்டதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்துக்கு மேல் 1,344 பேர் மாண்டனர். அதன்பின் அந்நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. 2017 முதல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியையும் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையொன்றை வெளியிட்டது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மேல்மாடி முதியோரின் அறை இனி வசதிப் பிரச்சினை மட்டுமன்று என்பதை இவை காட்டுகின்றன.

மற்றொரு நுட்பமும் உண்டு. கூரை குளிர்ந்தபின் சிலர் ஏ.சி.யை முன்னிலும் அதிக நேரம் ஓட்டுகின்றனர். அல்லது முன்பு ஓடாத அறையிலும் ஓட்டுகின்றனர். மிச்சம் சுகமாக மாறிவிடுகிறது. நோயாளியும் குழந்தையும் அந்தச் சுகத்தைப் பெற்றால் அது நல்ல செலவே. வெறும் பழக்கத்தால் 24 பாகையை 20 ஆக்கினோமாயின், ஒரு கையால் சேமித்ததை மறு கையால் இறைத்தவராவோம். ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏ.சி.யின் மின்செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் கூறுகிறது. இதற்கு ஒரு காசும் செலவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், பெருகிவரும் ஏ.சி. பயன்பாட்டைத் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பதும் நாம் சிந்திக்கத்தக்கது.

யார் செலவழிப்பது?

நம் குடும்பங்களில் இதனால் மனத்தாங்கல் எழுவதையும் நாம் அறிவோம். வாடகை வீட்டில் கூரை உரிமையாளருடையது, மின்கட்டணம் குடியிருப்பவருடையது. கூரைக்குச் செலவிடுபவருக்கு மிச்சமில்லை. மிச்சம் பெறுபவருக்குக் கூரையில் உரிமையில்லை. அடுக்ககத்திலோ, மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. அனலோ மேல்மாடிக்காரருக்கு மட்டும். ‘எங்களுக்கு என்ன பயன்?’ என்று தரைத்தளத்தார் கேட்பதில் நியாயமில்லாமலில்லை.

இத்தகைய இடங்களில் அளந்த கணக்கே சமாதானம் செய்கிறது. வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் தளம் வெடிப்பதை நல்ல மேற்பூச்சு குறைக்கிறது. மழைநீர் ஒழுகாமல் காக்கிறது. இது கட்டடம் முழுவதற்குமான பயன். பொதுப்பணத்தில் சேரத் தக்கது. மின்சேமிப்பு மேல்மாடியாரின் பயன். அதற்கேற்ப அவர்கள் சற்றுக் கூடுதலாகத் தருவது முறை. வீட்டுக்காரரோ, இரண்டு கோடைக்குக் குடியிருப்பவர் வைத்த குறிப்பைப் பார்த்தபின் வாடகையை உயர்த்தாமல் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டால், நல்ல குடித்தனக்காரரை இழக்காமல் காத்துக்கொள்வார். தன் வீட்டுக் கூரையின் கீழ் உறங்குபவர் வெந்து தவிப்பதை வாடகைச் சீட்டால் மூடிவிட முடியாது.

வேலையைத் தொடங்குமுன்

சில எச்சரிக்கைகள். தளத்தில் வெடிப்போ ஒழுக்கோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஈரத்தின் மேல் பூசிய பூச்சு உரிந்துவிடும், ஈரமான தடுப்புப் பொருள் வெப்பத்தை மறிக்காது. தெர்மோகோல் எளிதில் தீப்பற்றக்கூடியது. அதைத் திறந்தபடி உட்கூரையில் ஒட்டுவதை விடுத்து, தளத்தின் மேலே வைத்துக் காரையால் மூடுவதே ஏற்றது. ஏ.சி. அறையின் கதவடி இடைவெளி, சன்னல் இடுக்கு, பழைய குழாய்த் துளை ஆகியவற்றை ரப்பர்ப் பட்டையாலும் சிமெண்டாலும் அடையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. உட்புகும் ஒவ்வொரு துளி ஈரத்தையும் வடித்து வெளியேற்ற ஏ.சி. மின்சாரம் செலவிடுகிறது. இது குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் வேலை.

ஆனால் ஏ.சி. இல்லாத அறையில் இடுக்கை அடைக்கலாகாது. அங்கே கடற்காற்றே மருந்து. மாலையில் கிழக்குச் சன்னலைத் திறந்து, எதிர்ச்சுவரிலும் வழிவிட வேண்டும். அடுப்பு எரியும் அறையையும், எரிவாயுவால் வெந்நீர் காய்ச்சும் குளியலறையையும் ஒருபோதும் காற்றுப்புகாமல் அடைக்கலாகாது. அது உயிருக்கே ஆபத்து.

இவ்வாண்டு கூரைவேலை செய்யக் கருதும் குடும்பங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கொத்தனாரை அழைக்குமுன் நோட்டுப்புத்தகத்தை எடுங்கள். வேலைக்கு முந்திய அளவு இல்லாவிடில், பிந்திய அளவால் பயனில்லை. கடந்துபோன கோடையைத் திரும்ப அழைத்து அளக்க எவராலும் முடியாது. மீட்டர் எண்ணைக் குறித்து வைக்கும் பொறுப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். கணக்கும் கற்றுக்கொள்வான், வீட்டில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் விலை உண்டென்பதையும் அறிந்துகொள்வான். இரண்டு கோடை கழித்து அந்த நோட்டுப்புத்தகம் உங்கள் அண்டைவீட்டாருக்கும் வழிகாட்டும். ‘பாதி குறைந்தது’ என்ற வாய்ப்பேச்சைவிட, ‘ஏழில் ஒரு பங்கு குறைந்தது, பாட்டியார் நன்றாக உறங்குகிறார்’ என்ற உண்மை அவர்களுக்கு எவ்வளவோ மேலான உதவியாகும்.